பூட்டிய வீட்டுக் கூலர்

பெரியவர்களுக்கான துப்பறியும் கதையிலிருந்து கொலையையும் சரசத்தையும் களைந்துவிட்டு மிச்சத்தைக் கொடுத்தால் அதுவே பிள்ளைகளுக்கான மர்மக் கதை என்ற அபிப்பிராயம் பத்திரிகைக் காரியாலயங்களில் வெகுநாளாக நிலவி வருகிறது. இத்தொழிலில் தலை நரைத்த எனக்கு அது சம்மதமில்லை. கதாநாயகன் கண்டதையெல்லாம் தானும் கண்டிருக்க வேண்டும், கண்டும் கோட்டைவிட்டிருக்க வேண்டும், கடைசியில் பக்கங்களைப் பின்னுக்குப் புரட்டி 'ஆமாம், இங்கேயே எழுதித்தான் இருக்கிறது' என்று தன் தலையில் தானே குட்டிக்கொள்ள வேண்டும் என்பதே இளம் வாசகன் விரும்புவது. அந்த விஷயத்தில் அவன் பெரியவர்களைவிடக் கண்டிப்பானவன்.

ஜெர்மானியரான எரிக் கேஸ்ட்னர் 1929-ல் எழுதிய எமில் என்ற சிறுவனின் கதையை இதற்கு இலக்கணமாகச் சொல்லலாம். தாயார் கொடுத்தனுப்பிய 140 மார்க்கைக் களவுக்கு அஞ்சிச் சட்டையின் உட்பையில் குண்டூசியால் குத்தி வைக்கிறான் எமில். ரயிலில் கண்ணயர்ந்த வேளையில் பணம் பறிபோகிறது. பெர்லின் நகரத்துப் பையன்கள் பட்டாளமாகத் திரண்டு திருடனை ஒரு பாங்கியில் வளைத்துக்கொண்டபோது, நோட்டுகளில் இருந்த ஊசித் துளைகளே சாட்சி சொல்கின்றன. ஊசி குத்தியதை வாசகன் ஆரம்பத்திலேயே பார்த்தான். அப்போது அது ஒரு பையனின் ஜாக்கிரதையாக மாத்திரமே தெரிந்தது.

நம்மவர்களில் தமிழ்வாணன், 'கல்கண்டு' பத்திரிகையைக் கொண்டு ஒரு தலைமுறைப் பிள்ளைகளையே துப்பறியும் சங்கர்லாலின் பின்னால் அலைய வைத்தார். ஆயினும் சங்கர்லால் தேநீர் அருந்திக்கொண்டே முடிச்சை அவிழ்த்துவிடும் மேதாவி. அவரை வியக்கலாம், அவரோடு போட்டியிட முடியாது. சத்யஜித் ராய் 1965-ல் 'சந்தேஷ்' பத்திரிகையில் துப்பறியும் ஃபெலுதாவை அறிமுகம் செய்தபோது, கதை சொல்லும் பொறுப்பைத் தம்பி முறையுள்ள தோப்ஷேயிடம் ஒப்படைத்ததில் இருக்கிறது அவருடைய யுக்தி. அண்ணனுக்குத் தெரிந்தது தம்பிக்குத் தெரியாது. தம்பி பார்த்ததெல்லாம் நமக்குத் தெரியும்.

நான் கதை நடத்துவது தில்லியில், என் பேட்டையான லக்ஷ்மிபாய் நகரில். ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்குச் சமீபத்தில், மத்திய சர்க்கார் சிப்பந்திகளுக்கென்று எழுந்த குவார்ட்டர்ஸ் வரிசைகள்; தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்துப் பள்ளி ஒன்றும் இங்கே உண்டு. கோடை விடுமுறை விட்டதும் பல குடும்பங்கள் தெற்கே ரயிலேறிவிடுவதால், மர்மக் கதைக்காரனுக்கு அத்தியாவசியமான பூட்டிய வீடுகள் தாமாகவே கிடைத்துவிடுகின்றன. சமீபத்தில் நான் எழுதிய கதையில், அப்படிப் பூட்டிய ஒரு வீட்டுக்குள் யாரோ இருக்கிறார் என்பதுதான் மர்மம்; ஜன்னல் கூலருக்கடியில் காயாத ஈரம்தான் தடயம்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கும் வேலை இங்கேதான் ஆரம்பிக்கிறது. ஈரத்தை ஈரமென்று எழுதினால் பத்து வயதுப் பையனும் பிடித்துவிடுவான். ஆகவே ஒரு மைனாவைக் கொண்டுவந்தேன்: லூ என்னும் கோடை அனல் காற்றில் வாய் பிளந்து நிற்கும் அந்தப் பறவை சுவரோரக் குட்டையில் முங்கி இறகை உதற, கதாநாயகனின் தங்கை விழுந்து விழுந்து சிரிக்கிறாள். வாசகன் மைனாவையும் தங்கையையும் பார்க்கிறானே ஒழிய, குட்டைக்குத் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று கேட்பதில்லை.

இடைஞ்சல் வேறொன்று வந்தது. தகரப் பெட்டிக்குள் சின்னப் பம்பு ஒன்று தண்ணீரை மேலேற்ற, அது மூன்று பக்கத்துத் தட்டிகளிலும் சொட்டி இறங்க, நடுவிலுள்ள விசிறி அந்த ஈரத்தின் வழியே வெளிக்காற்றை இழுத்துக் குளிர்விக்கும் விவரம் மாயவரத்துப் பையனுக்குத் தெரியாமல் இருக்கலாம். மைனாவுக்குப் பக்கத்தில் அதை விளக்கினாலோ குட்டு வெளிப்பட்டுவிடும். எனவே முதல் அத்தியாயத்திலேயே கதாநாயகன் தன் வீட்டுக் கூலருக்குக் குழாய் பிடித்துத் தண்ணீர் நிரப்பி, கால் சட்டையெல்லாம் நனைந்து, அம்மாவிடம் திட்டு வாங்குகிறான். கதை ஜூனுக்குள் முடிந்தாக வேண்டிய நிர்ப்பந்தமும் உண்டு; மழை தொடங்கிக் காற்றில் ஈரம் ஏறிவிட்டால் கூலர் புழுக்கப் பெட்டிதான்.

கையெழுத்துப் பிரதியைப் படித்த எதிர் பிளாக்குப் பெண்ணொருத்தி, "கூலர் போடுகிற சத்தம் யாருக்கும் கேட்காதா, மாமா?" என்றாள். நியாயமான கேள்வி. எல்லா ஜன்னல்களும் இரைகிற ஜூனில் ஓர் இரைச்சல் தனியாகக் கேட்காது என்றேன். அவள் விடவில்லை: "கரண்ட் போய்த் திரும்பி வரும்போது?" இந்தக் கேள்விக்காகவே ஒரு நள்ளிரவு மின்வெட்டைப் பதினோராம் அத்தியாயத்தில் வைத்திருந்தேன், அவள் பத்தாவதில் நின்றுகொண்டு கேட்டாள்! மின்சாரம் மீண்டதும் பூட்டிய வீட்டுக் கூலரும் உறுமத் தொடங்குவதை விழித்திருந்த பையன் கேட்டுவிடுகிறான்.

உள்ளே இருப்பவன் அவ்வீட்டு மூத்த மகன். பரீட்சையில் தோற்றதைச் சொல்ல அஞ்சி, கல்லூரி விடுதியில் இருப்பதாகப் பெற்றோரை நம்பவைத்துவிட்டு, பின்கதவு வழியே புழங்குகிறான். கடைசியில் ஒரு போலீஸ் இன்ஸ்பெக்டர் வந்தால் எடுப்பாக இருக்கும் என்று பத்திராதிபர் எழுதினார். குற்றமே நடவாத வீட்டில் இன்ஸ்பெக்டருக்கு என்ன ஜோலி? கண்டுபிடித்ததை யாரிடம் சொல்வது, சொல்லத்தான் வேண்டுமா என்று பன்னிரண்டு வயதுப் பையன் தவிப்பதற்கு நான் ஓர் அத்தியாயம் முழுவதையும் ஒதுக்கியிருக்கிறேன். அதைப் பாதியாகக் குறைக்கச் சொல்லி இன்னொரு கடிதம் வந்திருக்கிறது. பதில் எழுத வேண்டும்.