மோகன் பகானும் நம் பாகானும்



நம் பாகான் டத்தோவிலுள்ள 'பாகான்' என்னும் சொல் மலாய்மொழியில் படகுத்துறையைக் குறிக்கும். வங்காளமொழியில் 'பகான்' என்றால் தோட்டம். தென்னைக்கும் ஆற்றுமுகத்திற்கும் நடுவே வாழும் நமக்கு இரு பொருளும் பொருந்துவது தற்செயலே. ஆயினும், கல்கத்தாவின் மோகன் பகான் காற்பந்துக் கழகத்தின் கதையை வகுப்பில் தொடங்க அப்பெயரொற்றுமை எனக்கு உதவியது.

அது 1911ஆம் ஆண்டின் ஐ.எப்.ஏ. கேடயப் போட்டி. முதற்சுற்றில் எதிர்த்து நின்றது செயின்ட் சேவியர் கல்லூரி அணி. மோகன் பகான் 3–0 என வென்றது. அடுத்து ரேஞ்சர்ஸ், பின்னர் ரைபிள் பிரிகேட். அரையிறுதியில் மிடில்செக்ஸ் படைப்பிரிவுடன் 1–1 எனச் சமநிலை. மறு ஆட்டத்தில் 3–0. ஜூலை 29ஆம் நாள் இறுதியாட்டத்தில் கிழக்கு யார்க்ஷயர் படைப்பிரிவே முதலில் கோல் அடித்தது. அணித்தலைவர் சிப்தாஸ் பாதுரி அதைச் சமன் செய்தார். ஆட்டம் முடியும் தறுவாயில் அபிலாஷ் கோஷ் வெற்றிக் கோலைப் போட்டார். திடலை நெருங்க இயலாத கூட்டத்திற்குக் கோல் கணக்கைப் பட்டம் பறக்கவிட்டு அறிவித்தார்களாம். (மாணவர்களுக்கு மிகவும் பிடித்தது இந்தப் பட்டந்தான்!) இந்தியர் அணியொன்று அக்கேடயத்தை வென்றது அதுவே முதன்முறை.

அபிலாஷ், ஸ்காட்டிஷ் சர்ச்சஸ் கல்லூரி மாணவர். தற்காப்பில் நின்ற சுதிர் சட்டர்ஜியோ வேறொரு கல்லூரியின் ஆசிரியர். ஆசிரியரும் மாணவரும் ஒரே அணியில் ஆடியிருக்கிறார்கள். பதினொருவரில் காலணி அணிந்து ஆடியவர் அந்த ஆசிரியர் ஒருவரே.

"சார், மற்ற பத்துப் பேருக்கும் சப்பாத்து இல்லையா?" என்று ஆறாம் ஆண்டு மாணவன் ஒருவன் கேட்டான். அவனும் வெறுங்காலோடு ஆடுபவன்தான். வெறுங்கால் வீரம் என்று இக்கதையைப் போற்றி எழுதுவோர் பலர். எனக்கு அதில் உடன்பாடில்லை. பழக்கமும் வசதியின்மையும் சேர்ந்த ஒன்றைப் பெருமையாக்கி, அதையே நம் பிள்ளைகளுக்கும் விட்டுவைக்கலாமா?

எங்கள் பள்ளி சிறியது. எழுவர் அணிக்கே ஆள் தேடவேண்டும். யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் நிறுத்தப்பட்ட பின்னும் டியூஷன் மீதுள்ள பிடிப்பு பெற்றோரிடம் தளரவில்லை. அம்மாணவனின் தாயாரும் ஒருநாள் வேலை முடிந்த கையோடு பள்ளிக்கு வந்தார். "பந்து சோறு போடுமா சார்?" என்றார். போடும் என்று நான் எப்படிச் சொல்வேன்? பயிற்சி வாரத்தில் இருநாள் மட்டுமே, ஆறு மணிக்குள் முடிந்துவிடும், டியூஷன் நாளில் அவனை அழைக்கமாட்டேன் என்று மட்டும் கூறினேன். பிறகு, முன்னாள் மாணவர்கள் விட்டுச்சென்ற சப்பாத்துப் பெட்டியைத் திறந்து காட்டினேன்.

அவர் ஒரு சோடியை எடுத்து, முனையைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார்.

"இது ரெண்டு மாசத்துல பத்தாது சார். இதவிடப் பெருசு இருக்கா?"

இருந்தது.