ஊசி போடாத டாக்டர்

தோட்டத்தில் டாக்டர் என்றால் ஒரே அர்த்தம்தான். டிஸ்பென்சரியில் இருப்பவர், ஊசி போடுபவர், காய்ச்சல் என்றால் லீவுத் துண்டு எழுதித் தருபவர். ஆகவே, நோயெதிர்ப்பியலில் பிஎச்டிக்கு விண்ணப்பிக்கப் போகிறோம், முடித்தால் பேருக்கு முன்னால் டாக்டர் போடலாம் என்று நாங்கள் வீட்டில் சொன்னபோது வந்த கேள்விகள் நியாயமானவைதான். "அஞ்சாறு வருசம் படிச்சிட்டு நம்ம டிஸ்பென்சரிக்கு வருவீங்களா?" இல்லை என்றோம். "ஊசியாவது போடுவீங்களா?" அதுவும் இல்லை. "அப்ப என்னாத்துக்கு அந்த டாக்டரு?"

இந்தக் கேள்விக்கு நேராகப் பதில் சொல்ல எங்களுக்கு ஒரு வருடம் எடுத்தது. அந்த ஒரு வருடத்தில் தெரிந்துகொண்டதை இங்கே எழுதிவைக்கிறோம். எங்களுக்குப் பின்னால் உயர்தரத்தில் உயிரியல் பிரிவு படிக்கிற தங்கச்சி, தம்பிமாருக்கு உதவும் என்று நினைக்கிறோம்.

நாங்கள் இரண்டு பேர். திம்புள்ளப் பக்கம் ஒரே தோட்டம், ஒரே டிவிஷன், அடுத்தடுத்த லயம். இரண்டு பேருக்கும் மருத்துவபீடத்துக்கு இசட் புள்ளி போதவில்லை. ஒருத்தி விலங்கியலில் சிறப்புப் பட்டம் செய்தாள், மற்றவள் மருத்துவ ஆய்வுகூட விஞ்ஞானம். வெவ்வேறு பல்கலைக்கழகங்கள்தான், ஆனால் இரண்டு பேரும் மூன்றாம் வருடத்தில் ஒரே பாடத்தில் மாட்டிக்கொண்டோம். நோயெதிர்ப்பியல் மற்றப் பாடங்களைப் போல மனப்பாடம் செய்து தப்ப முடியாத பாடம். உடம்பு தன்னையும் அந்நியனையும் எப்படிப் பிரித்துப் பார்க்கிறது என்ற ஒரே கேள்வியை அது திரும்பத் திரும்பக் கேட்கிறது.

முதலில் அது எங்களுக்குத் தூரத்துக் கேள்வியாகத்தான் இருந்தது. பிறகு வேலூர் கதையைப் படித்தோம். 1970களில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் வேலை செய்த டி. ஜேக்கப் ஜான் ஒரு விடயத்தைக் கவனித்தார். வாயில் விடுகிற போலியோ சொட்டு மருந்து மூன்று தடவை கொடுத்தால் மேலைநாட்டுப் பிள்ளைகளில் அநேகமாக எல்லோருக்கும் எதிர்ப்புச் சக்தி வந்துவிடும். வேலூர்ப் பிள்ளைகளில் பலருக்கு அப்படி வரவில்லை. அதே மருந்து, அதே மூன்று தடவை. இந்தியா போலியோவை ஒழிக்க ஒவ்வொரு பிள்ளைக்கும் திரும்பத் திரும்பச் சொட்டு விட வேண்டி வந்தது. அங்கே கடைசி நோயாளி கண்டறியப்பட்டது 2011 ஜனவரியில். எங்கள் நாட்டில் 1993லேயே முடிந்துவிட்டது. வயிற்றோட்டத்துக்கு எதிரான ரோட்டா வைரஸ் சொட்டு மருந்திலும் பிறகு இதே பிரச்சினையைக் கண்டார்கள். ஏழை நாட்டுப் பிள்ளைகளில் அது குறைவாகவே வேலை செய்கிறது.

ஏன்? குடலில் ஏற்கெனவே இருக்கும் கிருமிகள், அடிக்கடி வயிற்றோட்டம் வந்து சேதமான குடல் சுவர், சத்துக்குறைவு, தாயிடமிருந்து வந்த எதிர்ப்புப் புரதங்கள் என்று பல காரணங்களைச் சொல்கிறார்கள். எது எவ்வளவு என்பது இன்னும் முழுதாகப் பிரித்தெடுக்கப்படவில்லை.

இதைப் படித்த அன்று எங்கள் மனதில் வந்தது எங்கள் டிவிஷன் பிள்ளைக்காம்பரா. 2016ஆம் ஆண்டு எடுத்த தேசிய சுகாதாரக் கணக்கெடுப்பில், ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாடு முழுவதும் 17 வீதம். தோட்டத்துறையில் மட்டும் ஏறத்தாழ 32 வீதம். தடுப்பூசி அட்டையைப் பார்த்தால் எங்கள் பிள்ளைகளுக்கும் எல்லாக் கட்டமும் நிரம்பித்தான் இருக்கும். அட்டையில் கட்டம் நிரம்புகிறது. உடம்புக்குள் என்ன நடக்கிறது என்பது வேறு கேள்வி. அந்தக் கேள்வியோடுதான் நாங்கள் விண்ணப்பிக்க உட்கார்ந்தோம்.

மலையகத்து உடம்புகளை விஞ்ஞானம் இதற்கு முன் பார்க்காமல் இல்லை. அமெரிக்காவின் ராக்பெல்லர் அறக்கட்டளை 1916 அளவில் இலங்கையில் கொக்கிப்புழு ஒழிப்பு வேலையைத் தொடங்கியதே தோட்டங்களில்தான். புழு இரத்தத்தைக் குடித்தால் ஆளுக்குச் சோகை, ஆளுக்குச் சோகை என்றால் வேலை குறையும். அதனால் தோட்டங்களுக்கும் அதில் அக்கறை இருந்தது. மருந்து கொடுத்தார்கள், புழு போனது. ஆனால் கக்கூஸ் சரியாக இல்லாத லயத்தில், செருப்பில்லாத காலுக்குள் திரும்பவும் வந்தது. இன்று நோயெதிர்ப்பியல் அந்தப் புழுவைப் பற்றி இன்னொரு கதையும் சொல்கிறது. பல வருடம் ஆளுக்குள் உயிரோடு இருக்க வேண்டும் என்றால் புழு எங்கள் எதிர்ப்புச் சக்தியை அமைதிப்படுத்தி வைக்க வேண்டும். அதற்கு அது பயன்படுத்தும் வழிகளில் ஒன்று, ஒழுங்குபடுத்தும் டி செல்கள். உடம்பு தன்னைத் தானே தாக்காமல் பிரேக் பிடிக்கிற செல்கள் இவை. 1995இல் இவற்றை அடையாளம் காட்டிய ஜப்பானியர் சிமோன் சகாகுச்சிக்கு, மேரி பிரங்கோ, ஃபிரெட் ராம்ஸ்டெல் ஆகியோரோடு 2025இல் நோபல் பரிசு கிடைத்தது.

எங்கள் பக்கத்தில் ஆராய்ச்சியே இல்லை என்றும் சொல்ல முடியாது. 1925இல் உருவான தேயிலை ஆராய்ச்சி நிறுவனம் தலவாக்கலையில், சென் கூம்ஸ் தோட்டத்தில் இருக்கிறது. பஸ்ஸில் போகும்போது பெயர்ப்பலகையைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். 1946இல் தேயிலையில் கொப்புள நோய் வந்தபோது எந்தச் செடி தாங்கும், எது தாங்காது என்று தேடிப் பார்த்து, தாங்குகிற இனங்களை வளர்த்தெடுத்தார்கள். நல்ல வேலை, அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் செடியின் எதிர்ப்புச் சக்தியை ஆராய நூறு வருடமாக ஒரு நிறுவனம் இருக்கிற மலையில், அந்தச் செடியில் கொழுந்து எடுக்கிற கையின் எதிர்ப்புச் சக்தியைப் பற்றிக் கேட்க யார் இருக்கிறார்கள் என்று எங்களுக்குத் தோன்றியது உண்மை.

சரி, விண்ணப்பத்துக்கு வருவோம். தம்பி, தங்கச்சிமார் இதைக் கவனமாக வாசிக்கவும்.

அமெரிக்காவில் நான்கு வருடச் சிறப்புப் பட்டத்தோடு நேரடியாகப் பிஎச்டிக்குப் போகலாம். உயிர் மருத்துவத் துறைகளில் அநேகமாகக் கட்டணம் இல்லை, மாதக் கொடுப்பனவும் உண்டு. முதல் வருடம் மூன்று நான்கு ஆய்வுகூடங்களில் மாறி மாறி வேலை பார்த்துவிட்டுப் பிறகு ஒன்றைத் தெரிவு செய்வீர்கள். ஐரோப்பாவில் பெரும்பாலும் முதுமாணிப் பட்டம் கேட்பார்கள். ஜேர்மனியில் பிரைபர்க் நகரில் நோயெதிர்ப்பு உயிரியலையும் எபிஜெனடிக்ஸையும் ஆராய்கிற மேக்ஸ் பிளாங்க் நிறுவனம் ஒன்று இருக்கிறது. அது சர்வதேச மாணவர்களையும் எடுக்கிறது. உள்நாட்டில் ஸ்ரீ ஜயவர்தனபுர பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் நீலிகா மலவிகேயின் குழு டெங்கு நோயெதிர்ப்பில் உலகம் கவனிக்கிற வேலையைச் செய்கிறது. அவர் ஆக்ஸ்பர்டில் கலாநிதிப் பட்டம் பெற்றுத் திரும்பி வந்தவர். 2017இல் நாட்டில் 186,000 பேருக்கு மேல் டெங்கு என்று பதிவானது. முதல் தடவை வந்த டெங்குவின் எதிர்ப்புப் புரதமே இரண்டாம் தடவை வேறு வகை வைரஸ் செல்லுக்குள் போக வழிகாட்டிவிடலாம் என்ற விநோதத்தை இங்கிருந்தே படிக்கலாம். வெளிநாடு ஒன்றுதான் வழி என்று நினைக்க வேண்டாம்.

அமெரிக்க விண்ணப்பங்கள் பெரும்பாலும் டிசம்பர் தொடக்கத்தில் மூடும். நோக்க அறிக்கை ஒன்று, பரிந்துரைக் கடிதம் மூன்று, பெறுபேற்றுப் பத்திரம், ஆங்கிலப் பரீட்சை. மூன்று கடிதம் என்பதுதான் எங்களுக்குப் பெரிய மலை. நூறு பேர் வகுப்பில் ஒரு மூலையில், தமிழ் மொழிமூலத்திலிருந்து வந்து ஆங்கில விரிவுரையைத் தாளில் தமிழில் எழுதிக்கொண்டிருந்த ஆளை எந்த விரிவுரையாளருக்குத் தெரியும்? ஆகவே முதலாம் வருடத்திலிருந்தே கேள்வி கேளுங்கள். இங்கிலீசு உடைந்தாலும் பரவாயில்லை. விடுமுறையில் ஏதாவது ஒரு ஆய்வுகூடத்தில் குழாய் கழுவுகிற வேலை கிடைத்தாலும் போங்கள். நல்ல கடிதத்தில் "கெட்டிக்காரி" என்று எழுதியிருக்காது. "இந்தப் பரிசோதனை மூன்று தடவை பிழைத்தது, நாலாம் தடவை இவள் காரணத்தைக் கண்டுபிடித்தாள்" என்று எழுதியிருக்கும்.

அடுத்தது காசு. ஒரு விண்ணப்பத்துக்கு 75 டொலர் என்று வையுங்கள். டொலர் 300 ரூபாய் என்றால் 22,500 ரூபாய். 2025இல் இருந்த நாட்சம்பளம் 1,350 ரூபாய் என்ற கணக்கில் அது அம்மாவின் 17 நாள் வேலை. அதுவும் சொன்ன கிலோ வந்தால்தான், வராவிட்டால் அரைப்பேர். எட்டு இடத்துக்குப் போட்டால் 133 நாள். இந்தக் கணக்கை ஒரு கொப்பியில் எழுதிப் பார்த்த இரவு நாங்கள் இரண்டு பேரும் ஒன்றும் பேசவில்லை. பிறகுதான் கட்டண விலக்கு என்று ஒன்று இருப்பது தெரிந்தது. பல பல்கலைக்கழகங்களில் நான்கு வரி மின்னஞ்சல் எழுதிக் கேட்டால் தருவார்கள். சில இடங்களில் வெளிநாட்டவருக்கு இல்லை என்பார்கள். கேட்பதில் வெட்கம் எதுவும் இல்லை. விலக்கு கிடைத்த இடங்களுக்கு மட்டும் போடுவது என்று தீர்மானித்தோம்.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். அமெரிக்க அரசாங்கத்தின் தேசிய சுகாதார நிறுவனங்கள் தருகிற பயிற்சி நிதி அந்த நாட்டுக் குடியுரிமையோ நிரந்தர வதிவிடமோ உள்ளவர்களுக்கு மட்டும்தான். ஆகவே வெளிநாட்டு மாணவர்களுக்கு இடம் குறைவு. குடியுரிமை என்ற சொல் எங்கள் வீடுகளில் சும்மா வந்து போகிற சொல் இல்லை. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பற்றித் தாத்தாமார் பேசிக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். அந்த வரியை வாசித்தபோது இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தோம். கசப்பான சிரிப்புத்தான்.

எங்களுக்குள் உண்மையான சண்டை வந்தது நோக்க அறிக்கையில். ஒருத்தி முதல் வரியிலேயே எழுதினாள்: "நான் கொழுந்து பறிப்பவரின் மகள்." மற்றவள் அதை வெட்டச் சொன்னாள். "அம்மாவ வச்சு சீட்டு வாங்கப் போறியா?" என்று கேட்டாள். "பொய்யா எழுதுறேன்? உண்மையத்தானே எழுதுறேன்" என்று இவள். இரண்டு நாள் பேச்சு இல்லை.

இரண்டு பேர் பக்கமும் நியாயம் இருந்தது. எங்கள் கஷ்டத்தை வெளியாட்கள் விரும்பி வாசிப்பார்கள் என்று எங்களுக்குத் தெரியும். லயம், மழை, அட்டை, கூடை சுமக்கும் முதுகு. அட்டையும் மழையும் அழகான படம் ஆகும். படம் பார்க்கிறவருக்கு அனுதாபம் வரும். ஆனால் அனுதாபம் ஆய்வுகூடத்துக்குள் எத்தனை நாள் கூட வரும்? மறுபக்கம், அதை முழுதாக மறைத்தால் எங்கள் கேள்வி எங்கிருந்து வந்தது என்பதே விளங்காது. நகரத்தில் இருக்கும் ஒருத்தி பாடப்புத்தகத்தில் பார்த்த கேள்வியாகிவிடும்.

கடைசியில் ஒரு ஒழுங்கு கண்டுபிடித்தோம். கஷ்டத்தை எழுதுவதென்றால் அது கேள்விக்கு வேலை செய்ய வேண்டும், இல்லாவிட்டால் வெட்டு. பிள்ளைக்காம்பரா இருக்கலாம், ஏனென்றால் ஒரே நாளில் சொட்டு மருந்து வாங்கிய, ஆனால் ஒரே மாதிரி சாப்பிடாத பிள்ளைகள் அங்கேதான் இருக்கிறார்கள். அட்டை வேண்டாம். தண்ணீர்ப் பீலி இருக்கலாம், ஏனென்றால் குடலுக்குள் போவது அதுதான். கூடை வேண்டாம். அம்மாவின் தொழில் நடுவில் ஒரு வரியில் வந்தது, முதல் வரியில் கேள்வி வந்தது: ஒரே தடுப்பு மருந்துக்கு இரண்டு குடல்கள் ஏன் இரண்டு விதமாகப் பதில் சொல்கின்றன?

வீட்டில் இன்னும் முழுச் சம்மதம் இல்லை. கொட்டகலை பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியல் கல்லூரி இருக்கிறது, ஆசிரியர் நியமனம் எடுத்தால் மாதச் சம்பளம், ஓய்வூதியம், பக்கத்திலேயே இருக்கலாம் என்கிறார்கள். தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பெடுத்ததே 1970களில்தான் என்பதை நினைத்தால், ஒரு மகள் டீச்சர் ஆவதே எவ்வளவு பெரிய ஏற்றம் என்பது எங்களுக்கும் தெரியும். ஆறு வருடம் நாங்கள் அனுப்பாத சம்பளத்தை யார் ஈடுகட்டுவது என்பதற்கும் எங்களிடம் பதில் இல்லை. மாதக் கொடுப்பனவில் மிச்சம் பிடித்து அனுப்புவோம் என்று சொல்லியிருக்கிறோம்.

விண்ணப்பங்கள் போய்விட்டன. ஜனவரி, பெப்ரவரியில் நேர்முகத்துக்குக் கூப்பிடலாம். கிடைத்தால் ஏப்ரல் 15க்குள் பதில் சொல்ல வேண்டும். ஒருத்திக்குக் கிடைத்து மற்றவளுக்குக் கிடைக்காமலும் போகலாம். அதையும் இப்போதே பேசிவிட்டோம். போகிறவள் செய்முறைகளைப் படித்து எழுதி அனுப்ப வேண்டும். இருக்கிறவள் இங்கே ஒரு எம்ஃபிலுக்குப் பதிந்து அதே கேள்வியை இந்த மலையிலேயே தொடங்க வேண்டும். சொல்லப்போனால், பிள்ளைகள் இங்கேதானே இருக்கிறார்கள். இரண்டாவது ஆளின் வேலைதான் கூடக் கஷ்டம், அது யாருக்கு விழும் என்று இன்னும் தெரியாது.