பின்னலுக்கு அடங்காத கூந்தல்

தில்லி கரோல்பாகில் வசிக்கும் அந்தத் தமிழாசிரியைக்கு வயது 52. முப்பது வருடங்களாக இறுக்கிப் பின்னிய கூந்தல், மாதவிடாய் நின்றபின் அடங்க மறுத்தது. நரைத்த முடி கம்பியாய் விறைத்தது, வகிடு அகன்றது.

காரணம் எளிது. ஈஸ்ட்ரோஜன் குறையக் குறைய முடி மெலிகிறது. தலைத்தோலில் எண்ணெய் சுரப்பதும் குறைவதால் வறள்கிறது. அவரோ இன்னும் இறுக்கினார். நெற்றியோரம் முடி உதிர்ந்ததுதான் மிச்சம்.

கடைசியில் பின்னலைக் கைவிட்டார். குளித்ததும் பல் அகன்ற சீப்பால் நுனியிலிருந்து மேலாகச் சிக்கெடுத்து, இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தடவி, தளர்வாகக் கொண்டை போட்டார்.

"பாட்டி மாதிரியே இருக்கேம்மா" என்றாள் மகள்.

ஐம்பதுக்குப் பிறகு அம்மா கொண்டைக்கு மாறியபோது 'பட்டிக்காடு' என்று சிரித்தவர் அவர். ஏன் மாறினாய் என்று கேட்டதில்லை. இப்போது கேட்க அம்மா இல்லை.