பாதி மந்திரம்

தாத்தாவும் ஆச்சியும் பகலில் அதிகம் பேசிக்கொண்டு நான் பார்த்ததில்லை. காட்டு வேலை, மாடு, வெயில் என்று அவரவர் பாடு. ராத்திரி விளக்கேற்றி, மாதா சுரூபத்துக்கு முன்னால் பாயை விரித்த பிறகுதான் இருவர் குரலும் சேர்ந்து கேட்கும். மங்கள வார்த்தை மந்திரத்தின் முன்பாதியைத் தாத்தா சொல்வார். அவர் நிறுத்துகிற இடத்தில் ஆச்சி பின்பாதியைப் பிடித்துக்கொள்வாள். ஜெபமாலைக்கு மூன்றும் ஐம்பதுமாக 53 தடவை. கிணற்றடியில் இரண்டு பேர் மாற்றி மாற்றிக் கயிறு இழுப்பதுபோல இருக்கும்.

தாத்தா போன பிறகும் பாய் விரிந்தது. இப்போது ஆச்சி தாத்தாவின் பாதியைச் சொல்லி நிறுத்துவாள். மறுபாதிக்கு ஆள் கிடையாது. கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு அதையும் அவளே சொல்வாள். எனக்கு அப்போது ஏழு வயது இருக்கும். அந்தச் சும்மா இருக்கிற நேரத்தை என்னால் தாங்க முடியவில்லை. ஒரு நாள் பாயில் போய் உட்கார்ந்து பின்பாதியை நான் சொன்னேன். ஆச்சி திரும்பிப் பார்க்கவில்லை. விரல் மட்டும் மணியை நகர்த்தியது. ஒரு பத்து முடிந்த பிறகுதான், "ஏலே, வார்த்தைய முழுங்காதல. நிறுத்திச் சொல்லு" என்றாள்.

ஆனால் நான் சொன்ன பாதி அவளுடைய மந்திரத்தின் பாதி அல்ல. மறைக்கல்வி வகுப்பில் எங்களுக்குப் புதிய தமிழில் கற்றுக்கொடுத்திருந்தார்கள். ஆச்சியின் வாயில் 'பிரியதத்தம்' என்று இருந்தது எனக்கு 'அருள்'. அவளுக்கு 'ஸ்திரீகள்', எனக்கு 'பெண்கள்'. அவளுக்கு 'அர்ச்சிஷ்ட', எனக்கு 'தூய'. அவளுடைய சேசு எனக்கு இயேசு. அவள் பழைய தமிழில் தொடங்குவாள், நான் புதிய தமிழில் முடிப்பேன். இரண்டு சேலைத் துண்டுகளை ஒட்டுப்போட்டதுபோல ஒரே மந்திரம். பல வருடம் அப்படியே சொன்னோம். மாற்றச் சொல்லி அவள் என்னைக் கேட்கவில்லை, நானும் அவளைக் கேட்கவில்லை.

கோவிலிலும் இதே கதைதான். பங்கு முழுக்கப் புதிய செபத்துக்கு மாறிய பிறகும், தூணோரம் உட்கார்ந்த கிழவிகள் பழையதையே முணுமுணுத்தார்கள். பழைய சொற்கள் கொஞ்சம் நீளம். அதனால் அவர்களுடைய ஆமென் எப்போதும் ஒரு மூச்சு பிந்தி வரும். சிறுவனாக எனக்கு அது பிழையாகப் பட்டது. இன்று அந்தப் பிந்திய ஆமென் எந்தக் கோவிலிலாவது காதில் விழாதா என்று இருக்கிறது.

பழைய சொற்கள்தான் புனிதம், புதியவை வெறும் மொழிபெயர்ப்பு என்று சிலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். எனக்கு அதில் உடன்பாடில்லை. இந்த மந்திரங்கள் தமிழில் ஒரு நாளும் அசையாமல் நின்றதில்லை. சவேரியார் 1542இல் முத்துக்குளித்துறைக் கரைக்கு வந்தபோது அவருக்குத் தமிழ் தெரியாது. உள்ளூர்க்காரர்களை உட்காரவைத்துச் செபங்களைத் தமிழாக்கி, மனப்பாடம் செய்துகொண்டு, கையில் மணியோடு தெருத்தெருவாகப் போய்ப் பிள்ளைகளைக் கூட்டினார். நோயாளிகள் வீட்டுக்குப் போகத் தமக்கு நேரம் இல்லாதபோது அந்தப் பிள்ளைகளையே அனுப்பி மந்திரங்களைச் சொல்லவைத்ததாக அவரே எழுதியிருக்கிறார். தோழர் மன்சிலாசுக்கு எழுதிய கடிதம் ஒன்றில், விசுவாச மந்திரத்தில் 'வேணும்' என்று சொல்லாதீர்கள், அது விரும்புகிறேன் என்றாகிவிடும், விசுவாசம் என்ற சொல்லைப் போடுங்கள் என்று திருத்துகிறார்.

அந்தப் பிழையின் மேல் எனக்குத் தனி அன்பு உண்டு. கடற்கரையில் கொஞ்ச காலம் பரவனும் பரத்தியும் கடவுளைப் பார்த்து 'வேணும்' என்று சொல்லியிருக்கிறார்கள். விசுவாசம் அதற்குப் பிறகு வந்தது.

பிறகு 1578இல் அண்டிரிக் அடிகளார் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' என்ற 16 பக்கச் செபப் புத்தகத்தைத் தமிழ் எழுத்திலேயே அச்சிட்டார். இந்திய எழுத்தில், இந்திய மண்ணில் அச்சேறிய முதல் புத்தகம் அது. அதில் கடவுள் தம்பிரான். அடுத்த நூற்றாண்டில் ராபர்ட் தெ நோபிலி மதுரைக்கு வந்த பிறகு சர்வேசுரன் என்ற பெயர் நிலைத்தது. இப்போது இறைவன், ஆண்டவர். தம்பிரான் போய்ச் சர்வேசுரன் வந்த நாளிலும் எந்தத் தூணோரத்திலோ ஒரு ஆச்சி பழையதையே முணுமுணுத்திருப்பாள், அவளுடைய ஆமெனும் பிந்தித்தான் வந்திருக்கும்.

சொல் மாறியது. மாறாமல் நின்றதை நான் வெகுநாள் கவனிக்கவில்லை. அது 'எங்கள்' என்ற சிறிய சொல். தமிழில் 'நம்' வேறு, 'எங்கள்' வேறு. நம் என்றால் கேட்கிறவரும் உள்ளே வந்துவிடுவார். எங்கள் என்றால் கேட்கிறவர் எதிரே நிற்கிறார், நாம் எல்லோரும் ஒரு பக்கம் நிற்கிறோம். பரலோக மந்திரம் பிதாவை 'எங்கள்' என்றுதான் கூப்பிடுகிறது. மங்கள வார்த்தை மந்திரமும் 'எங்களுக்காக' என்றுதான் கேட்கிறது. தனியாக ஒரு அறையில், கதவைச் சாத்திக்கொண்டு சொன்னாலும் 'எனக்காக' என்று சொல்ல அது விடுவதில்லை. இந்த மூன்றில் விசுவாச மந்திரம் மட்டும் ஒருமை. எனக்குப் பதிலாக வேறொருவர் நம்ப முடியாது. கேட்கும்போதுதான் கூட்டமாக நிற்க வேண்டும்.

யார் அந்தக் கூட்டம் என்பதில்தான் வலி. திருநெல்வேலிச் சீமையின் வடக்கன்குளத்தில் இரு சாதியார் ஒருவரை ஒருவர் பார்க்காதபடி, ஒரே பீடத்திலிருந்து இரண்டு கைகளாகப் பிரியும் கோவிலையே கட்டினார்கள். நடுவில் சுவர். கடந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் அதை இடித்தார்கள். சுவர் நின்ற வருடங்களிலெல்லாம் அதன் இரு பக்கத்திலும் ஞாயிறு தவறாமல் இதே மந்திரம் ஒலித்திருக்கும். இந்தப் பக்கமும் 'எங்கள் பிதாவே', அந்தப் பக்கமும் 'எங்கள் பிதாவே'. கல்லறைத் தோட்டம் இன்னும் இரண்டாக இருக்கிற ஊர்கள் உண்டு. மந்திரத்தைப் புரியாமல் சொல்கிறார்கள் என்று குறைப்படுகிறவர்கள் 'பிரியதத்தம்' என்றால் என்ன என்று தெரியாததைச் சொல்கிறார்கள். 'எங்கள்' என்றால் யார் என்று தெரியாமல் சொன்னதுதான் பெரிய குறை என்று நினைக்கிறேன்.

எங்கள் வீட்டிலும் ஒரு சுவர் எழுந்தது. தாத்தாவுக்குப் பிறகு பாகம் பிரித்தபோது முற்றத்து வேம்பு யாருக்கு என்பதில் அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் முறுகியது. வேம்பை வெட்டி, அது நின்ற இடத்தின் வழியாகவே சுவர் வைத்தார்கள். பதினோரு வருடம் பேச்சில்லை. இருவரும் ஒரே பூசைக்குப் போனார்கள். பரலோக மந்திரத்தில் தீமை செய்தவர்களைப் பொறுப்பதாகச் சொல்கிற இடத்தில் அப்பாவின் குரல் இறங்கும். சித்தப்பா எப்படிச் சொன்னார் என்று எனக்குத் தெரியாது. அவர் ஆண்கள் பக்கத்தில் கடைசி வரிசையில் நிற்பார்.

மங்கள வார்த்தை மந்திரத்தின் இரண்டு பாதிகளும் ஒரே நாளில் பிறந்தவை அல்ல. முன்பாதி லூக்கா நற்செய்தியின் முதல் அதிகாரம், கபிரியேல் தூதரும் எலிசபெத்தும் மரியாளிடம் சொன்னது. பின்பாதி சனங்களின் மன்றாட்டு. நூற்றாண்டுகளாக ஊறி ஊறி வளர்ந்து, 1568இல் திருத்தந்தை ஐந்தாம் பத்திநாதர் வெளியிட்ட உரோமைச் செபப் புத்தகத்தில் இன்றைய வடிவம் நிலைபெற்றது. முன்பாதி வாழ்த்து, பின்பாதி தேவை. முன்பாதியில் சாவு இல்லை. பின்பாதி மரண நேரத்தில் போய் நிற்கிறது. தொடங்குகிறவர் வாழ்த்தோடு நிறுத்திவிடலாம். சாவைப் பற்றிய சொல்லை எப்போதும் பதில் சொல்கிறவர்கள்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஆச்சி ஒரு கார்த்திகை மாத மழையில் இறந்தாள். கோவில் பிள்ளை துக்க மணி அடித்தார். நடுவீட்டில் கிடத்தி, தலைமாட்டில் பாடுபட்ட சுரூபமும் இரண்டு மெழுகுதிரியும் வைத்தோம். அன்பியத்துக்காரர்கள் வந்து சுவரோரம் உட்கார்ந்தார்கள். சித்தப்பா வந்தார், திண்ணையிலேயே இருந்துகொண்டார். ராத்திரி ஜெபமாலையை யார் தொடங்குவது என்று ஒருவரை ஒருவர் பார்த்தபோது அப்பா ஆச்சியின் கையிலிருந்த மணியை எடுத்தார்.

பங்கில் எல்லோரும் புதிய செபம்தான் சொல்வோம். அப்பாவும் அப்படித்தான். அன்றைக்கு அவர் வாயில் வந்தது ஆச்சியின் மந்திரம். பிரியதத்தம் என்று தொடங்கினார். கூட்டம் ஒரு கணம் தடுமாறி, தனக்குத் தெரிந்த பின்பாதியைப் புதிய தமிழில் சொல்லி முடித்தது. நானும் அப்படித்தான் முடித்தேன். சிறுவனாக அவளோடு பாயில் சொன்ன அதே பாதியை.

எங்கள் ஆமென் அடங்கிய பிறகு திண்ணையிலிருந்து ஒரு குரல் மட்டும் மழைக்கு மேலே கேட்டது. 'சர்வேசுரன்' என்றும் 'மாதா' என்றும் பழைய சொற்களைச் சொல்லிக்கொண்டு, ஒரு மூச்சு பிந்தி முடிந்தது.

அடுத்த மணிக்கு அப்பா உடனே போகவில்லை. அந்தக் குரல் முடியும்வரை காத்திருந்தார். ஐம்பத்து மூன்று மணிக்கும் காத்திருந்தார்.