அம்மாவின் காலடிக் கணக்கு

அம்மாவுக்கு இடது இடுப்பு மூட்டு மாத்தி ஏழு மாசம் ஆச்சுங்க. "இப்ப எப்படி இருக்காங்க?"ன்னு விசாரிக்கிறவங்களுக்கு, "வலி சுத்தமா இல்லீங்க"ன்னு பதில் சொல்றேன். அது உண்மைதான். ஆனா வலி போறதும் நடமாட்டம் திரும்பி வர்றதும் ஒண்ணு இல்லைங்கிறது இந்த ஏழு மாசத்துல விளங்குச்சு.

இடுப்பு மூட்டு, கிண்ணத்துக்குள்ள சுத்துற குண்டு மாதிரி. வண்டிச் சக்கரத்துல குடம் தேஞ்சா என்ன ஆகும்னு எங்களுக்குத் தெரியும். அதே கதைதான். 1962ல இங்கிலாந்துல ஜான் சார்ன்லிங்கிற டாக்டர், துருப்பிடிக்காத எஃகுக் குண்டையும் பாலிஎத்திலீன் கிண்ணத்தையும் வச்சு இதுக்கு ஒரு நல்ல வழி கண்டுபிடிச்சார். இன்னைக்கு நடக்கிற ஆபரேஷனுக்கெல்லாம் அதுதான் அடித்தளம்.

மாத்தின மூட்டு எப்படி இருக்குன்னு பார்க்க டாக்டர்கள் மார்க் போடுவாங்க. 1969ல ஹாரிஸ்ங்கிற அமெரிக்க டாக்டர் கொண்டுவந்த முறையில மொத்தம் 100 மார்க். வலிக்கு மட்டும் 44. அன்றாட வேலைக்கு 47: எவ்வளவு தூரம் நடக்கிறீங்க, படி ஏறுறீங்களா, நாற்காலியில உக்கார முடியுதா, பஸ் ஏறுறீங்களா, ஷூ சாக்ஸ் போட முடியுதா. எங்கம்மா வாழ்நாள்ல சாக்ஸ் போட்டதே இல்லை. குந்தி உக்காந்து களை எடுக்கிறதும் மாட்டுக்கு மடி கழுவுறதும் அந்தத் தாள்ல இல்லை.

ஆபரேஷனுக்கு மூணு வாரம் முன்னாடி, கோயம்புத்தூர்ல இருக்கிற அக்கா பையன் காலடி எண்ணுற பட்டை ஒண்ணை வாங்கிட்டு வந்து அம்மா கையில கட்டிவிட்டான். முதல் நாள் சாயங்காலம் பார்த்தா 6,000 காட்டுது. நொண்டி நொண்டி நடக்கிறவங்களுக்கு எப்படி இவ்வளவு? மறுநாள் கட்டுத்தரையில நின்னு பார்த்தப்பதான் புரிஞ்சது. அம்மா பால் பீச்சப் பீச்ச, பட்டை அதையும் நடையா எண்ணிக்கிட்டு இருக்கு! கையில கட்டுற பட்டை கை ஆட்டத்தை வச்சுத்தானே கணக்குப் போடுது. அப்ப ஆபரேஷன் முடிஞ்சு வாக்கரைப் பிடிச்சு நடக்கிறப்போ, கை ஆடாததால நடந்த நடையையே விட்டுடும். அதனால நாடா போட்டு வலது கணுக்கால்ல கொலுசு மாதிரி கட்டிட்டோம். அளவு கொஞ்சம் முன்னபின்ன இருந்தாலும் போகுது, ரெண்டு தடவையும் ஒரே படியால அளக்கணும், அவ்வளவுதான்.

ஆபரேஷனுக்கு முன்னாடி ஒரு நாளைக்குச் சராசரி 2,800. ஆறாவது வாரம் 1,400. மூணாவது மாசம் 2,500. ஆறாவது மாசம் 2,900.

வலி இல்லை, தூக்கம் நல்லா வருது, முகத்துல தெளிச்சி இருக்கு. நடை மட்டும் பழைய இடத்துலயே நிக்குது. இது எங்க வீட்டுக் கதை மட்டும் இல்லீங்க. வெளிநாட்டுல நோயாளிகளுக்குக் கருவி கட்டி அளந்த பல ஆய்வுகள்லயும், ஆறு மாசத்துல வலி நல்லாக் குறையுது, நடமாட்டம் அந்த அளவுக்குக் கூடுறதில்லைன்னுதான் வந்திருக்கு.

ஏன்னு எங்க வீட்டைப் பார்த்தா தெரியும். மூணு வருச வலியில அம்மாவோட நாள் சுருங்கிப் போயிருந்தது. பால் சொசைட்டிக்கு வண்டியில நான் போனேன். ஆபரேஷனுக்கு அப்புறம் குந்தக் கூடாது, தரையில உக்காரக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டதால பால் பீச்சுறதும் வீட்டுக்காரம்மா கைக்குப் போயிருச்சு. ரெண்டு மாட்டுல ஒண்ணைக் கொடுத்துடலாம்னு வியாபாரிகிட்ட விலைகூடப் பேசியாச்சு.

அன்னைக்கு ராத்திரி அம்மா சொன்னாங்க: "ஏங்கண்ணு, காலை நல்லாப் பண்ணிக் குடுத்துட்டு, அது போறதுக்கு ஒரு எடத்த மிச்சம் வைக்க மாட்டீங்களா?"

பால் பணம் அம்மா பேர்லதான் வரும். அந்த நோட்டுதான் அவங்களுக்குப் பேங்கு, கௌரவம் எல்லாம். டாக்டர்கிட்ட கேட்டோம். சமமான ரோடா இருக்கணும், கனம் தூக்கக் கூடாது, ஊன்றுகோலை ஆபரேஷன் பண்ணின காலுக்கு எதிர்க் கையில, அதாவது வலது கையில, பிடிக்கணும்னு சொல்லி அனுமதிச்சார்.

இப்ப பால் கேன் வண்டியில போகுது. நோட்டும் அம்மாவும் நடந்து போறாங்க. போக 300 மீட்டர், வர 300 மீட்டர், காலையில ஒரு நடை, சாயங்காலம் ஒரு நடை. பட்டை இப்ப 5,000த்தை ஒட்டிக் காட்டுது. மாட்டு வியாபாரிக்கு வேண்டாம்னு சொல்லி அனுப்பிட்டோம்.

உங்க வீட்டுல யாருக்காவது இந்த ஆபரேஷன் வந்தா, முன்னாடியே ஒரு வாரம் உக்காந்து எழுதி வைங்க: காலையில இருந்து ராத்திரி வரைக்கும் எங்கெல்லாம் போறாங்க, வலி வர்றதுக்கு முன்னாடி எங்கெல்லாம் போனாங்க, எந்த வேலையை யார் வாங்கிக்கிட்டாங்க. அதுல எதையெல்லாம் திருப்பிக் கொடுக்கலாம்னு டாக்டர்கிட்டயும் பிசியோதெரபிஸ்ட்கிட்டயும் கேளுங்க. மூட்டை அவங்க மாத்திக் கொடுத்துடுவாங்க. நடந்து போறதுக்கு ஒரு காரியத்தை வீட்டுக்காரங்கதான் கொடுக்கணும்.