ஊட்டிக் குளிரும் ஒரு வார்ப்பிரும்புக் கிராதியும்

ஊட்டிக்குப் போய் வந்து எழுதுகிறவர்கள் பூங்காவையும் படகுத் துறையையும் விடாமல் எழுதிவிடுகிறார்கள். அந்த ஊர்ப் பழைய வீடுகளின் தலையில் நிற்கும் புகைபோக்கிகளை யாரும் அண்ணாந்து பார்த்ததாகத் தெரியவில்லை. அடுத்த முறை போனால் எண்ணிப் பாருங்களேன். ஒரே பங்களாவில் மூன்று, நான்கு என்று நிற்கும். கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1822-ல் அங்கே கல் வீடு கட்ட ஆரம்பித்தார். பின்னால் வந்த வெள்ளைக்காரர்கள் அறைக்கு அறை கணப்பு வைத்தே கட்டினார்கள். ரயில் குன்னூருக்கு வந்தது 1899-ல், ஊட்டியை எட்டியது 1908-ல். அதுவரைக்கும் கனமான சாமானெல்லாம் மாட்டு வண்டியில்தான் மலை ஏறியாக வேண்டும். அப்பாடா, அந்த மாடுகள் என்ன பாடு பட்டிருக்கும்!

கணப்பு என்று நான் சொல்வது சுவரிலேயே அடுப்பு மாதிரி குடைந்து, மேலே புகைபோக்கி வைத்திருக்கிறார்களே, அது. இன்றைக்கு அதில் பாதி வீடுகளில் செருப்பு அடுக்கி வைத்திருக்கிறார்கள். சில வீடுகளில் டி.வி. உட்கார்ந்திருக்கிறது.

சென்ற மார்கழியில் என் அக்கா வீட்டுக்குப் போயிருந்தோம். அக்கா மகனுக்கு ஊட்டியில் வேலை. லவ்டேல் பக்கம் பழைய பங்களா ஒன்றில் பாதியை வாடகைக்கு எடுத்திருக்கிறார்கள். மேட்டுப்பாளையத்தில் காலை ரயில் ஏறினோம். குன்னூர் வரை தண்டவாளத்துக்கு நடுவே பல் பட்டை இருக்கிறது. எஞ்சின் அதைப் பிடித்துப் பிடித்து ஏறுகிறது. கல்லாறு தாண்டும்போது கழற்றிய ஸ்வெட்டரை குன்னூரில் மறுபடி மாட்டிக்கொண்டேன். லவ்டேலில் இறங்கும்போது மூக்கு நுனி மரத்துவிட்டது. உயரம் ஏழாயிரம் அடிக்கு மேல். டிசம்பர், ஜனவரியில் பள்ளமான இடங்களில் விடியற்காலை புல்லின் மேல் உப்புத் தூவினாற்போல் உறைபனி படிந்திருக்கும்.

வீடு அழகான வீடு. மரத் தரை, உயரமான ஜன்னல், வாசலில் நீலப் பூப் புதர். ஆனால் ஹாலில் இருந்த கணப்பு வெறும் பொந்தாக இருந்தது. உள்ளே இருந்த இரும்பை முன்பு குடியிருந்தவர் யாரோ பழைய இரும்புக்காரனுக்குப் போட்டுவிட்டாராம். "விறகைத் தரையிலே போட்டுக் கொளுத்திப் பார்த்தோம், புகை பூரா ஹாலுக்குள்ளேதான் வருது" என்றாள் அக்கா. அதனால் என்ன செய்தார்கள் தெரியுமா? படுக்கை அறையில் குமுட்டியில் அடுப்புக்கரி போட்டு, நன்றாகக் கனிய வைத்து, ஜன்னல் சந்தில் துணியைத் திணித்து, கதவைச் சாத்திக்கொண்டு தூங்கினார்கள். எட்டு மாதக் குழந்தையும் அதே அறையில்!

"காலையிலே எழுந்தா தலை விண்விண்ணுன்னு வலிக்குது சின்னத்தை. வெளியே வெயில்ல கொஞ்ச நேரம் நின்னா சரியாப் போயிடுது. இவனும் விடிஞ்சா சோர்ந்து சோர்ந்து விழறான். குளிர் ஒத்துக்கலை போலிருக்கு" என்றாள் அக்கா மருமகள், வெகு சாதாரணமாக.

எனக்கு அடி வயிறு கலங்கியது. வெளியே வந்தால் தெளிகிற தலைவலி குளிரால் வந்ததாக எனக்குப் படவில்லை. மூடின அறையில் கரி எரியும்போது கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு வருகிறது. அதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. கரியில் புகை இல்லாததால் ஆபத்து இல்லை என்று நினைத்துவிடுகிறோம். இந்த வாயு ரத்தத்தில் பிராணவாயு ஏற வேண்டிய இடத்தைப் பிடித்துக்கொள்ளும். முதலில் தலைவலி, குமட்டல், தூக்கக் கலக்கம். அப்புறம் எழுந்து கதவைத் திறக்கக்கூடத் தெம்பு இராது. குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் இது சீக்கிரம் தாக்கும். ஊட்டியிலும் கொடைக்கானலிலும் அறைக்குள் கரி நெருப்பை வைத்துக்கொண்டு தூங்கிய சுற்றுலாப் பயணிகள் எழுந்திருக்காமலே போன செய்தியைப் பேப்பரில் நீங்களும் படித்திருப்பீர்கள்.

அப்போதே குமுட்டியைத் தூக்கித் தோட்டத்தில் வைத்தோம். தாயையும் குழந்தையையும் டாக்டரிடம் காட்டினோம். நல்ல வேளை, பயப்பட ஒன்றுமில்லை என்றார். அன்று ராத்திரி எல்லோருக்கும் கம்பளியும் வெந்நீர்ப் பையும்தான். "இதோட எத்தனை நாள் ஓட்டறது?" என்று அக்கா முணுமுணுத்தாள். அவள் கேட்டதும் நியாயம்தானே! மார்கழியும் தையும் முழுசாகப் பாக்கி இருந்தது.

என் வீட்டுக்காரர் கோயம்புத்தூரில் வார்ப்படப் பட்டறையில் முப்பது வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர். இரும்பு என்றால் அவருக்குப் புது உற்சாகம் வந்துவிடும். ஆனால் அவர் முதலில் பார்த்தது இரும்பை அல்ல, புகைபோக்கியை. ஆள் விட்டு மேலிருந்து துழாவினால் பறவைக் கூடும் சருகுமாக ஒரு கூடை கொட்டியது. அடைத்த கரியைச் சுரண்டி எடுத்த பிறகு ஒரு காகிதத்தைக் கொளுத்திக் கணப்பின் வாயில் பிடித்தார். ஜுவாலையும் புகையும் சர்ரென்று மேலே சாய்ந்தன. அப்படிச் சாயாவிட்டால் எவ்வளவு நல்ல கிராதி வாங்கினாலும் வீண். சுவரில் விரிசல் இருக்கிறதா என்று கொத்தனாரும் ஒரு முறை பார்த்துவிடுவது நல்லது.

கிராதி எதற்கு? விறகு தரையில் படுத்துக் கிடந்தால் அடியில் காற்று போகாது, எரியாமல் புகையும். கிராதி அதைத் தூக்கிப் பிடிக்கும். கீழிருந்து காற்று ஏறும், சாம்பல் கீழே இறங்கும், நெருப்பும் பின்சுவரை ஒட்டி நிற்கும். புகையும் நேரே மேலே போகும்.

அளவு எடுப்பதில்தான் பலரும் கோட்டை விடுவார்களாம். முன்பக்கம் மட்டும் அளந்துகொண்டு கடைக்குப் போனால், வாங்கினது உள்ளே போகாது. பழைய கணப்புகளின் உள்சுவர் பின்னால் போகப் போகக் குறுகும். ரம்ஃபோர்டு பிரபு என்ற விஞ்ஞானி 1796-ல் வெளியிட்ட கட்டுரையில், பக்கச் சுவரைச் சாய்த்துக் கட்டினால் வெப்பம் அறைக்குள் திரும்பும் என்று விளக்கினார். அவர் சொன்ன மாதிரியில்தான் அப்புறம் ஊரெல்லாம் கட்டினார்கள். ஆகவே முன் அகலம், பின் அகலம், ஆழம் மூன்றையும் அளக்க வேண்டும். அக்கா வீட்டில் முன்னால் 30 அங்குலம், பின்னால் 20, ஆழம் 15. சுற்றிலும் இரண்டு மூன்று அங்குலம் இடம் விட்டு, முன்னால் 24, பின்னால் 15, ஆழம் 11 என்று கணக்குப் போட்டார். காலின் உயரம் நாலு அங்குலம். அதற்கு மேல் போனால் நெருப்பு உயர்ந்து, புகை மறுபடி ஹாலுக்கு வந்துவிடும்.

ஊட்டியில் பழைய சாமான் கடை ஒன்றில் பூவேலை செய்த சீமைக் கிராதி இருந்தது. பார்க்கப் பார்க்க ஆசையாகத்தான் இருந்தது. அக்காவுக்கு அதை விட மனசே இல்லை. ஆனால் அது நிலக்கரிக்குச் செய்த கூடை. குட்டையான வாய், நம் விறகுக் கட்டை அதில் உட்காராது. போதாததற்கு, இவர் ஒரு சின்னச் சுத்தியால் தட்டினார். 'டொக்' என்றது. தோசைக்கல் வாங்கும்போது நாமும் தட்டித்தானே பார்க்கிறோம்? நல்ல வார்ப்பு மணி மாதிரி கணீரென்னும், கீறல் விட்டது செத்த சத்தம் போடும். இன்னொரு கடையில் கம்பியை வெல்டிங் வைத்து மலிவாக விற்றார்கள். மெல்லிய கம்பி தணல் சூட்டில் நாளடைவில் தொய்ந்துவிடும். வார்ப்பிரும்பு அவ்வளவு லேசில் தொய்யாது. நெருப்பு அடங்கின பிறகும் சூட்டை வைத்திருக்கும். உடைகிற சுபாவம் மட்டும் உண்டு. கீழே போட்டாலும் போச்சு, சூட்டில் தண்ணீர் ஊற்றினாலும் போச்சு.

கடைசியில் கோயம்புத்தூருக்கே போய், தெரிந்த பட்டறையில் மர அச்சு செய்து, மண்ணில் வார்த்துக் கொண்டுவந்தார். மொத்தம் பதினைந்து, பதினாறு கிலோ இருக்கும். முன் சட்டம், பின் சட்டம், பக்கத்துக்கு ஒன்று, நடுவில் ஏழு கம்பி. கம்பிகளுக்கு போல்ட் கிடையாது. சட்டத்தில் உள்ள பள்ளத்தில் சும்மா உட்காரும். பள்ளம் கம்பியைவிட ஒரு நூல் நீளமாக இருக்க வேண்டும். சூட்டில் இரும்பு நீளுமல்லவா? இடமில்லாவிட்டால் சட்டத்தையே பிளந்துவிடும். இன்னொரு சௌகரியம், ஒரு கம்பி தீய்ந்துபோனால் அதை மட்டும் மாற்றலாம்.

கோத்தது நானும் மருமகளும்தான். அவர் நாற்காலியில் உட்கார்ந்து அதிகாரம் பண்ணினார். சாக்கை விரித்து, சட்டங்களைக் கால் மேலாகக் கவிழ்த்து வைத்தோம். நாலு மூலை போல்ட்டுக்கும் கிராஃபைட் பொடியை எண்ணெயில் குழைத்துத் தடவினோம். இல்லாவிட்டால் துருவேறி, பிறகு எந்த ஸ்பேனருக்கும் அசையாது. வாஷர் போட்டு, நட்டு நெருப்புப் பக்கம் வராமல் வெளிப்பக்கமாக இருக்கும்படி, முதலில் விரலால் மட்டும் திருகினோம். நிமிர்த்தித் தரையில் வைத்து ஆட்டிப் பார்த்து, நாலு காலும் பாவியதும், எதிர் எதிர் மூலையாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினோம். "பலத்தைக் காட்டாதீங்க, வார்ப்பு காது விட்டுடும்" என்று நாற்காலியிலிருந்து குரல் வந்தது. பிறகு கம்பிகளை ஒவ்வொன்றாக இறக்கினோம். முக்கால் மணி நேரம்கூட ஆகவில்லை.

முதல் நாள் சிறு சுள்ளிதான் போட வேண்டும். புது இரும்பில் ஒட்டின எண்ணெயும் கறுப்பும் தீய்ந்து நாறும். ஜன்னலைத் திறந்து வைத்து, குழந்தையை அடுத்த அறைக்கு அனுப்பிவிடுங்கள். மறுநாள் பெரிய கட்டை வைக்கலாம்.

விறகுக்கு அந்தப் பக்கம் சீகை மரமும் கற்பூர மரமும் உண்டு. வெட்டி ஒரு வருஷமாவது காய்ந்ததாக இருக்கட்டும். ஈர விறகு புகைபோக்கிக்குள் தார் மாதிரி படியும். அது ஒரு நாள் தீப்பிடித்துக்கொள்ளும். கற்பூர மரம் எண்ணெய் மரமாதலால் பொறி பறக்கும். தவழுகிற குழந்தை இருக்கும் வீட்டில் கணப்புக்கு முன்னால் உயரமான கம்பி வலைத் தடுப்பு கட்டாயம். அதைச் சுவரோடு கொக்கி போட்டு மாட்டிவிட வேண்டும். இல்லாவிட்டால் குழந்தை பிடித்து எழுந்து நிற்கப் பார்க்கும். மலைப் பகுதியில் அனுமதியில்லாமல் மரம் வெட்டுவதை 1955-ம் வருஷத்துச் சட்டம் தடுக்கிறது. ஆகவே தோட்டத்து மரத்தில் கை வைக்காமல் விறகு டிப்போவில் வாங்கிவிடுவதே நிம்மதி.

கணப்பு வந்துவிட்டதென்று ஜன்னலை இறுக்கி மூடிவிடக் கூடாது. இரண்டு விரல் திறந்திருக்கட்டும். புகைபோக்கியில் மூடு தகடு இருந்தால், தணல் முழுக்க அணைகிற வரையில் அதைத் தொடாதீர்கள். அக்கா வீட்டில் இப்போது சாயந்திரம் ஆறு மணிக்கு மூட்டுகிறார்கள். எல்லோரும் ஹாலில் உட்கார்ந்து சாப்பிட்டு, ஒன்பது மணிக்கெல்லாம் அடங்கவிட்டு, தணல் அணைந்த பிறகே படுக்கப் போகிறார்கள். படுக்கை அறைக்கு நெருப்பே கிடையாது, வெந்நீர்ப் பைதான். கார்பன் மோனாக்சைடு வந்தால் கத்துகிற பேட்டரிக் கருவி ஒன்றும் வாங்கி மாட்டியிருக்கிறார்கள். மருமகளுக்குத் தலைவலி போன இடம் தெரியவில்லை.

சாம்பலை மறுநாள் வாரி மூடி போட்ட இரும்பு வாளியில் போடுங்கள். பிளாஸ்டிக் வாளி வேண்டவே வேண்டாம், உள்ளே தணல் ஒரு நாளுக்கு மேல்கூட உயிரோடு இருக்கும். கிராதிக்கு அடியில் ஓர் அங்குலம் சாம்பலை விட்டுவைத்தால் அடுத்த நாள் நெருப்பு சீக்கிரம் பிடிக்கும். மீதியை ஆற வைத்து, அக்கா தன் காரட் பாத்திக்குத் தூவிவிடுகிறாள்.