அகலமான புகைபோக்கிக்குள் ஒரு குழாய்

இங்கிலாந்தில் எங்கள் விக்டோரியா காலத்து வீட்டுப் புகைபோக்கியில் விறகு ஸ்டவ் வைக்கிறோம். "அவ்வளவு அகலமா வழி இருக்கே, உள்ளே இன்னொரு குழாய் எதுக்குடா?" என்றார் அம்மா போனில். அகலம்தான் தொல்லை. திறந்த கணப்புக்காகக் கட்டியது அது. ஸ்டவ் புகை அதில் மெதுவாக ஏறி, குளிர்ந்து, செங்கல்லில் தாராகப் படியும். பிறகு அதுவே தீப்பிடிக்கும். அதனால்தான் உச்சிவரை 150 மி.மீ. துருப்பிடிக்காத எஃகுக் குழாய். அதை உள்ளே இறக்கும் முன் சுத்தம் செய்ததில் கரியும் பறவைக்கூட்டுச் சுள்ளியும் சாக்குச் சாக்காக வந்தன.

இந்த வேலைக்கு ஒருகாலத்தில் சிறுவர்களை உள்ளே ஏற்றினார்கள். கேம்பிரிட்ஜ் அருகே மருத்துவமனைப் புகைபோக்கியில் சிக்கி ஜார்ஜ் புரூஸ்டர் என்ற சிறுவன் இறந்த பிறகு, 1875இல் வந்த சட்டம்தான் அந்தக் கொடுமையை நிறுத்தியது.

இப்போது நீளக் கம்பில் பிரஷ். விறகில் ஈரம் 20 சதவீதத்துக்குள் இருந்தால் அதற்கும் வேலை குறைவு.